ஏழாம் நாள் கடுகு

மீஞ்சூருக்குக் கிழக்கே, கால்வாய்க் கரையை ஒட்டிப் பன்னிரண்டு குடிசைகள். கங்கம்மாவின் குடிசை கடைசியிலிருந்து மூன்றாவது. குடிசைகளுக்கு நடுவே இடைவெளி என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. ஒரு வீட்டில் கடுகு வெடித்தால் நாலு வீட்டுக்குக் கேட்கும். எந்த வீட்டில் குழம்பு இறங்கப் போகிறது, எந்த வீட்டில் இன்றைக்கு வெறும் கஞ்சி என்பதெல்லாம் எட்டிப் பார்க்காமலே தெரிந்துவிடும். கங்கம்மாவின் கடுகைப் பெண்கள் தனியாக அடையாளம் சொல்வார்கள். எண்ணெய் நன்றாகக் காயும்வரை அவளுக்குப் பொறுமை உண்டு. அதனால் போட்ட கடுகு ஒரே மூச்சில் சடசடவென்று வெடித்து ஓய்ந்துவிடும். மற்ற வீடுகளில் அது ஒன்றும் இரண்டுமாக முனகிக்கொண்டு கிடக்கும்.

அவள் பிறந்தது கும்மிடிப்பூண்டிக்கு வடக்கே, பாதிப் பேர் தெலுங்கு பேசும் ஊரில். அங்கே கடுகை அரைத்து மாங்காயில் பிசறுவார்கள். பதினாறு வயதில் சடையப்பனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த புதிதில், அவள் அப்படிப் போட்ட மாங்காயைத் தின்றுவிட்டு அவன் மூக்கைப் பிடித்துக்கொண்டு வெளியே போய் உட்கார்ந்தான். கண்ணில் தண்ணீர். கோபமா, காரமா என்று அவளுக்குப் புரியவில்லை. மறுநாள் சாப்பிட உட்கார்ந்தவன் அந்த மாங்காயைக் கொண்டுவரச் சொன்னான். பதினான்கு வருஷக் குடித்தனத்தில் புருஷன் என்ன நினைத்தான் என்பது அவளுக்கு அநேகமாக மறுநாள்தான் தெரியவந்தது. சில விஷயங்களில் மறுநாளும் தெரியவில்லை. பேச்சுக் குறைவான மனிதன்.

காட்டூர்ப் பக்கம் நடவு, களையெடுப்பு, அறுப்பு என்று கங்கம்மா கூலிக்குப் போவாள். பிறந்த மூன்று பிள்ளைகளில் தங்கியது ஒன்றுதான், அஞ்சம்மாள். அவளுக்கு ஒன்பது வயது. சடையப்பன் பழவேற்காட்டு அமீருதீன் பாயின் விறகுப் படகில் ஆள். பழவேற்காட்டில் சவுக்கு விறகு ஏற்றிக்கொண்டு ஏரியைக் கடந்து கால்வாய்க்குள் நுழைந்து, மதராஸ் பேசின் பிரிட்ஜ் வரை தள்ளிக்கொண்டு போய் இறக்கிவிட்டுத் திரும்புவான். திரும்பும்போது கொத்தவால் சாவடியிலிருந்து ஒரு பொட்டலம் சின்னக் கடுகு வரும். வேறு எதைச் சொல்லிவிட்டாலும் மறந்துவிடுவான். கடுகை மறந்ததில்லை. கங்கம்மா அதைத் தட்டில் கொட்டி ஒரு பக்கம் சாய்த்துப் பிடிப்பாள். உருண்டை எல்லாம் உருண்டு வந்து சேரும். கல்லும் தூசும் இருந்த இடத்திலேயே இருக்கும். அஞ்சம்மாளுக்கு அதைப் பார்ப்பதில் ஒரு குஷி.

ஆந்திரா தனியாகப் பிரிவதற்கு முந்தின வருஷம், கார்த்திகை மாதம், காற்றும் மழையும் மூன்று நாள் விடாமல் அடித்தது. அதன் முதல் நாள் காலையில் பழவேற்காட்டிலிருந்து கிளம்பிய படகு ஏரிக்குள்ளேயே கவிழ்ந்தது. படகில் இரண்டு பேர். ஒருவன் சடையப்பன். இன்னொருவன் பழவேற்காட்டுத் தானியேல். விறகு மட்டும் கரைகரையாக ஒதுங்கியது. மழை விட்டு இரண்டாம் நாள், முகத்துவாரத்துக்கு இந்தப் பக்கம் ஒரு மணல் திட்டில் பிணம் ஒன்று ஒதுங்கியிருப்பதாக பாய் ஆள் அனுப்பினார். சடையப்பனின் அண்ணன் சின்னதுரை போனான். முகம் முகமாக இல்லை. தண்ணீரில் ஊறி உடம்பு இரண்டு ஆள் பருமன். அரைஞாண் கயிறு இல்லை. ஆனால் உடம்பில் சட்டை இருந்தது. காக்கிச் சட்டை. போன ரம்ஜானுக்கு பாய் சடையப்பனுக்குக் கொடுத்தது. கிராம முன்சீப் கேட்டதற்கு, என் தம்பிதான் என்று சொல்லிக் கைநாட்டு வைத்தான் சின்னதுரை. ஊருக்குத் தூக்கிக்கொண்டு வருகிற நிலையில் உடம்பு இல்லை. அங்கேயே, பாய் கொடுத்த விறகில், கொள்ளி வைத்துவிட்டு வந்தான். சட்டையை மட்டும் கழற்றி அலசிக் கொண்டுவந்தான்.

கங்கம்மா அந்தச் சட்டையைக் கையில் வாங்கிப் பார்த்தாள். மேலிருந்து இரண்டாவது பொத்தான் தெறித்துப்போய், அவள் கறுப்பு நூலால் வேறு பொத்தான் வைத்துத் தைத்திருந்தாள். அந்தப் பொத்தான் அப்படியே இருந்தது. சந்தேகமே இல்லை, அவன் சட்டைதான். அழுதாள். ஊரே வந்து அழுதது.

பதினாறாம் நாள் கருமாதி என்று முடிவாயிற்று. அதுவரை அந்த வீட்டில் தாளிதம் கூடாது. செத்த வீட்டு அடுப்பில் சோறு வேகலாம், கீரை வேகலாம், எண்ணெயில் கடுகு வெடிக்கக் கூடாது. கருமாதி முடிந்த பிறகு எண்ணெய்ச் சட்டி வைத்து வடை சுட்டுத் தாளித்தால்தான் வீடு பழையபடி ஆகும். அதுவரை பங்காளி வீடுகளில் யாராவது ஆக்கிக் கொண்டுவந்து வைப்பார்கள். ஆறு நாள் அப்படித்தான் போயிற்று.

ஏழாம் நாள் களையெடுப்புக்கு ஆள் கூப்பிட்டார்கள் என்று ஓரகத்தி, சின்னதுரையின் பெண்சாதி, போய்விட்டாள். கங்கம்மா தானே அடுப்பு மூட்டினாள். வேலியோரம் புளிச்சகீரை இருந்தது. ஆய்ந்து வேகவைத்துக் கடைந்தாள். எதிரே கொடியில் அந்தச் சட்டை தொங்கிக்கொண்டிருந்தது. ஆறு நாளாக அதை எடுத்து வைக்க யாருக்கும் கை வரவில்லை. அவள் அந்தப் பொத்தானையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான்கு நாள் தண்ணீரில் கிடந்து, மீன் கடித்து, அலைகளில் புரண்டு, தன் கறுப்பு நூல் இழுபடாமல் இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டாள். அவ்வளவுதான் நினைத்தாள். பிறகு யாராவது கேட்டபோதெல்லாம், அது மட்டும்தான் நினைவிருக்கிறது என்று சொல்லுவாள்.

கடுகு வெடித்தது. ஒரே மூச்சில், சடசடவென்று, அவள் வீட்டுக் கடுகு எப்படி வெடிக்குமோ அப்படி.

வெளியே விளையாடிக்கொண்டிருந்த அஞ்சம்மாள் ஓடிவந்தாள்.

"அம்மா, நைனா வந்துட்டாரா?"

கங்கம்மா கரண்டியைக் கையில் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். பக்கத்து வீட்டில் உரல் சத்தம் நின்றது. அதற்கடுத்த வீட்டில் பேச்சு நின்றது. கொஞ்ச நேரத்தில் வாசலில் நாலு பேர். அஞ்சம்மாள் கேட்ட கேள்வியையே அவர்களும் வேறு வேறு விதமாகக் கேட்டார்கள். ஒருத்தி, ஏழு நாளில் வாய் ருசி கேட்கிறது பார் என்றாள். இன்னொருத்தி அவளை அடக்கிவிட்டு, இவளுக்கு எங்கிருந்தோ சேதி வந்திருக்கிறது, வெளியே சொல்லமாட்டேன் என்கிறாள் என்றாள். கங்கம்மா இரண்டையும் மறுக்கவில்லை. எதை மறுப்பது என்று தெரிந்தால்தானே.

தாளித்த கீரையைக் கொட்ட மனம் வரவில்லை. அஞ்சம்மாள் சாப்பிட்டாள். இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

சாயங்காலம் சின்னதுரை வந்தான். நல்ல மனுஷன், சத்தம் போடத் தெரியாதவன். வாசலில் குந்திக்கொண்டான்.

"இன்னா காரியம் பண்ண கங்கம்மா?"

"கை தவறிப் போச்சி மாமா."

"கை தவறினா கிண்ணம் உழும். சட்டி வெச்சி, எண்ண ஊத்தி, காயற வரைக்கும் பாத்துக்கினு இருந்து, கடுகு எடுத்துப் போட்டிருக்க. இது கை தவறுறதா?"

அவன் சொன்னது சரியாகத்தான் இருந்தது. நாலு வேலையை வரிசையாகச் செய்திருக்கிறாள். அதில் ஒன்றாவது வேண்டாம் என்று கையைப் பிடித்து நிறுத்தவில்லை. பதினான்கு வருஷப் பழக்கம் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் ஓரகத்தி கொண்டுவந்த ரசத்தை மூன்றாம் நாள் சூடு பண்ணினாளே, அப்போது கை கடுகு டப்பாவுக்குப் போகவில்லையே. சட்டையைப் பார்த்த பிறகுதானே போயிற்று.

சின்னதுரை மெதுவாகக் கேட்டான்.

"உனக்கு அவன்தானான்னு சந்தேகமா?"

"தெரியல மாமா."

"அப்ப நான் யாருக்கும்மா கொள்ளி வெச்சேன்?"

அதைக் கேட்டுவிட்டு எழுந்து போனான். போகும்போது கொடியில் தொங்கிய சட்டையை ஒருமுறை தொட்டுப் பார்த்தான். உள்ளே இருந்தவன் யார் என்று அது சொல்லிவிடும் என்று நினைத்தவன் போல.

கால்வாயில் போகிற படகுகளுக்கு விறகோடு ஊர்ப்பேச்சும் ஒரு சுமை. கங்கம்மா தாளித்தாள் என்பது மறுநாளே பழவேற்காடு போய்ச் சேர்ந்தது. ஒன்பதாம் நாள் காலை பதினொரு மணி வாக்கில் தானியேலின் மனைவி ஞானம்மா வந்து நின்றாள். இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும். கால் முழங்கால்வரை சேறு. காற்றில் படகு கிடைக்காமல் பாதி வழி நடந்தே வந்திருந்தாள். இருவரும் ஒருவரையொருவர் அதற்கு முன் ஒரே ஒருமுறை, பாய் வீட்டுக் கல்யாணத்தில் பாத்திரம் தேய்க்கும் இடத்தில் பார்த்திருக்கிறார்கள்.

கங்கம்மா தண்ணீர் கொடுத்தாள். ஞானம்மா குடித்துவிட்டுச் சொம்பைக் கீழே வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

"நீ தாளிச்சியாமேக்கா."

"ஆமா."

"அப்போ அது உன் ஊட்டுக்காரரு இல்லியா?"

கங்கம்மாவுக்கு அப்போதுதான் விஷயம் முழுசாக உறைத்தது. போனது இரண்டு பேர். கிடைத்தது ஒரு உடம்பு. அது சடையப்பன் இல்லை என்றால் வேறு யாராக இருக்க முடியும்? ஒன்பது நாளாகத் தன் துக்கத்தைப் பற்றியே நினைத்தவளுக்கு, தன் வீட்டுக் கடுகுச் சத்தம் இன்னொரு வீட்டில் போய் இடி மாதிரி இறங்கியிருக்கும் என்று தோன்றவில்லை.

ஞானம்மா கோர்வையாகச் சொன்னாள். வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருக்க வேண்டும். அன்றைக்குக் காலையில் இரண்டு பேரும் அவள் வீட்டில்தான் கஞ்சி குடித்தார்கள். சடையப்பன் காக்கிச் சட்டை போட்டிருந்தான். தானியேலுக்கு முதல் நாளிலிருந்தே குளிர்காய்ச்சல். போகவேண்டாம் என்றாள். பாயிடம் வாக்குக் கொடுத்தாயிற்று என்றான். வெற்றுடம்பில் தலைக்குமேல் ஒரு கோணியைப் போட்டுக்கொண்டு நடுங்கிக்கொண்டேதான் படகு ஏறினான். காணாமல் போனவர் வருவார் என்று மாதா கோயிலில் எல்லாரும் சொல்ல, அவளும் நம்பிக்கொண்டு நேற்றுவரை வீட்டில் தாளித்துத்தான் சாப்பிட்டாள். சாவு வீட்டில் தாளிப்பதில்லை என்ற வழக்கம் அவர்கள் வேதத்தில் சேர்ந்து மாதா கோயிலுக்குப் போக ஆரம்பித்த பிறகும் அவர்களைவிட்டுப் போகவில்லை. நேற்று மத்தியானம் கங்கம்மாவின் சேதி வந்தது. கடுகு டப்பாவைத் திறந்தவள் அப்படியே மூடி வைத்துவிட்டுக் கிளம்பினாள்.

"எங்க ஆளா இருந்தா மண்ணுல வெச்சிருக்கணும்க்கா. எரிச்சிட்டாங்க" என்றாள். பிறகு, அதைச் சொன்னதற்கு வருத்தப்படுகிறவள் போலத் தலையை ஆட்டிக்கொண்டாள். "அது கெடக்கட்டும். நீ ஒண்ணே ஒண்ணு சொல்லு. உன் ஊட்டுக்காரரு சட்டையக் கழட்டிக் குடுக்குற ஆளா?"

கங்கம்மா அவளைப் பார்த்தாள்.

கேள்வி நேரான கேள்விதான். பக்கத்தில் ஒருவன் காய்ச்சலில் நடுங்குகிறான். மழை கொட்டுகிறது. தன் சட்டையைக் கழற்றி, இந்தா போட்டுக்கோ என்று கொடுக்கிற மனிதனா சடையப்பன்? ஆமாம் என்றால், சட்டைக்குள் இருந்தது தானியேல். சடையப்பன் எங்கேயோ ஒரு கரையில் ஒதுங்கி உயிரோடு இருக்கலாம். எதிரே உட்கார்ந்திருக்கிற பெண் தாலியறுக்க வேண்டியவள். இல்லை, அவன் ஒன்றையும் விட்டுக்கொடுக்காத ஆள் என்றால், எரிந்தது அவனேதான். தன் புருஷன் நல்லவன் என்று சொன்னால் அவன் பிழைக்கிறான். கருமி என்று சொன்னால் அவளே அவனைக் கொன்றது போல.

வேறு யாராவது கேட்டிருந்தால் அவள் ஆமாம் என்று சொல்லியிருப்பாள். ஞானம்மாவின் சேற்றுக் காலைப் பார்த்துக்கொண்டு அப்படிச் சொல்ல முடியவில்லை. அதுவுமில்லாமல், உண்மை என்னவென்றே அவளுக்குத் தெரியவில்லை.

தெரிந்ததைச் சொன்னாள். போன வருஷம் இதே மாதிரி ஒரு மழையில், சின்னதுரையின் பெண்சாதி மீஞ்சூர் ஸ்டேஷனுக்குப் போகக் குடை கேட்டாள். மூலையில் குடை இருந்தது. இல்லை என்று சொல்லிவிட்டான். அவள் கண்ணெதிரே குடை இருக்கிறது, இவன் இல்லை என்கிறான். அண்ணன் பெண்சாதி மூன்று மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அப்படியும் ஒரு மனிதன். ஆனால் அதற்கு முந்தின வருஷம், மதராஸிலிருந்து வந்தவன் தோளில் துண்டு இல்லை. புதுத் துண்டு. எங்கே என்று கேட்டாள். போச்சு என்றான். எப்படிப் போச்சு என்றாள். போச்சுதான் என்றான். இரண்டு நாள் திட்டித் தீர்த்தாள். பேசின் பிரிட்ஜ் பக்கம் யாருக்கோ குளிருக்குப் போர்த்திவிட்டான் என்று படகு ஆட்களில் ஒருவர் சொன்னார். சூதாட்டத்தில் வைத்துத் தோற்றான் என்று இன்னொருவர் சொன்னார். அவனைக் கேட்டால் சிரிக்கக்கூட இல்லை.

"இத்த வெச்சிக்கினு நான் இன்னாக்கா பண்றது?" என்றாள் ஞானம்மா.

"நானும் பதினாலு வருஷமா இத்த வெச்சிக்கினுதான் குடித்தனம் பண்ணேன்."

ஞானம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கக் கூடாது என்று சொம்பால் வாயை மூடிக்கொண்டாள். அதைப் பார்த்துக் கங்கம்மாவும் சிரித்தாள். செத்த வீட்டில் இரண்டு பெண்கள் சிரிப்பது கேட்டுப் பக்கத்து வீட்டில் மறுபடியும் உரல் நின்றது. இந்த வீட்டில் என்னதான் நடக்கிறது என்று அங்கே யாரோ சலித்துக்கொண்டார்கள்.

கிளம்பும்போது ஞானம்மா கேட்டாள்.

"நான் ஊட்டுக்குப் போய்த் தாளிக்கட்டுமா, வேணாமா?"

"எனக்குத் தெரியலம்மா. என் கை தாளிச்சிது. உன் கை இன்னா பண்ணுதுன்னு பாரு."

பதினாறாம் நாள் வந்தது. தாலியை எடுக்க மூத்த பெண்கள் இரண்டு பேர் வந்து உட்கார்ந்திருந்தார்கள். கங்கம்மா கழுத்தை மூடிக்கொண்டு சின்னதுரை முன்னால் போய் நின்றாள். உன் கையால் கொள்ளி வாங்கினவருக்குக் கருமாதி செய், அவர் யாராக இருந்தாலும் செய், தாலி இருக்கட்டும் என்றாள். மூத்தவர்களில் ஒருத்தி, செத்தான் என்றால் செத்தான், இருக்கிறான் என்றால் இருக்கிறான், பாதிச் சாவு என்று ஒன்று உண்டா என்று கேட்டாள்.

"இருக்குதே பெரிம்மா" என்றாள் கங்கம்மா. "இதோ, எங்க ஊட்ல இருக்குதே."

சின்னதுரை அவளைக் கட்டாயப்படுத்தவில்லை. அந்தக் கடுகு வெடித்ததிலிருந்து ஒன்பது நாளாக அவனுக்கும் தூக்கம் இல்லை. சடங்கு செய்ய வந்த பெரியவர் செத்தவர் பேரைக் கேட்டபோது, சடையப்பன் என்றான். கொஞ்சம் நிறுத்தி, தானியேல் என்றும் சேர்த்துக்கொள்ளச் சொன்னான். அவர், வேதக்காரர் பேருக்கெல்லாம் நான் பிண்டம் வைக்க முடியுமா என்று முணுமுணுத்தார். "கொள்ளி என் கையாலதான் வாங்கினாரு, வை நைனா" என்றான் சின்னதுரை. பெரியவர் இரண்டு பிண்டமாக உருட்டினார். இரண்டையும் காக்கை ஒன்றாகவே கொத்தியது. அதில் எது யாருடையது என்று பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு அதுவும் விளங்கவில்லை.

அன்று சாயங்காலம் முறைப்படி எண்ணெய்ச் சட்டி வைத்தார்கள். வடை சுட்டார்கள். ஓரகத்தி கடுகு டப்பாவை எடுத்துக் கங்கம்மாவிடம் நீட்டினாள். எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, எல்லாரும் சம்மதிக்க, அவள் தாளித்தாள். ஏழாம் நாள் தப்பாகத் தாளித்தபோது இருந்த குழப்பத்தைவிட இந்தச் சரியான தாளிப்பில் அவளுக்குக் குழப்பம் அதிகமாக இருந்தது. செத்தவனை அனுப்பிவிட்டதற்குத் தாளிக்கிறோமா, இருக்கிறவனுக்காகத் தாளிக்கிறோமா? கடுகு என்னவோ வழக்கம்போல வெடித்தது.

அதற்கப்புறம் யாரும் வரவில்லை. இரண்டாவது உடம்பும் ஒதுங்கவில்லை. நெல்லூர்ப் பக்கம் ஒரு ஆளைப் பார்த்ததாக மூன்று வருஷம் கழித்து ஒரு படகுக்காரன் சொன்னான். சடையப்பன் மாதிரி இருந்தானா, தானியேல் மாதிரி இருந்தானா என்று கேட்டதற்கு, அவ்வளவு கிட்டத்தில் பார்க்கவில்லை என்றான்.

ஒவ்வொரு கார்த்திகையிலும் ஒரு நாள் கங்கம்மா பழவேற்காட்டுக்குப் போவாள். ஞானம்மாவும் அவளும் மணல் திட்டுக்குப் போவார்கள். எரித்த இடம் இதுதான் என்று இருவருக்கும் நிச்சயமில்லை. ஏரி வருஷத்துக்கு வருஷம் திட்டை நகர்த்திக்கொண்டே இருந்தது. ஞானம்மா மெழுகுவத்தி ஏற்றுவாள். கங்கம்மா சூடம் கொளுத்துவாள். காற்றில் இரண்டும் நிற்காது. பிறகு ஒரு தேங்காய்த் தொட்டியில் இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தார்கள், அது கொஞ்ச நேரம் நின்றது. அன்றைக்கு ஒரு நாள் இரண்டு வீட்டிலும் தாளிதம் இல்லை. மறுநாள் உண்டு. இது யாரும் சொல்லிக் கொடுத்த வழக்கம் இல்லை. எப்படி முடிவாயிற்று என்று கேட்டால் இருவருக்கும் சொல்லத் தெரியாது.

சட்டை மட்டும் ஞானம்மாவிடம் இருந்தது. மூன்றாம் வருஷம் கங்கம்மாவே எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தாள். கொடுத்திருப்பாரு என்றோ, கொடுத்திருக்கமாட்டாரு என்றோ அதற்கு அர்த்தம் இல்லை என்று சொல்லித்தான் கொடுத்தாள். ஞானம்மாவும் எந்த அர்த்தமும் எடுத்துக்கொள்ளாமல் வாங்கி மடித்து வைத்தாள்.

கொத்தவால் சாவடிக் கடுகு வருவது நின்றுபோய், மீஞ்சூர்க் கடைக் கடுகுதான் வந்தது. அதில் கல் அதிகம். கங்கம்மா தட்டைச் சாய்த்துப் பிடித்து உருட்டிக்கொண்டாள். எண்ணெய் காயும்வரை பொறுத்திருப்பதும் அப்படியேதான் இருந்தது. சடசடவென்று வெடிக்கும்போதெல்லாம் அஞ்சம்மாள் வாசல் பக்கம் திரும்பிப் பார்ப்பாள். ஒன்பது வயதில் ஆரம்பித்தது, பதினாறு வயதில் அத்திப்பட்டில் கட்டிக் கொடுக்கும்வரை விடவில்லை.

"இன்னாடி பாக்குற?" என்று ஒருநாள் கேட்டாள் கங்கம்மா.

"ஒண்ணுமில்ல. நீ இன்னா பாக்குற?"

அப்போதுதான், தானும் கரண்டியைப் பிடித்தபடி வாசலைப் பார்த்துக்கொண்டு இருப்பது கங்கம்மாவுக்குத் தெரிந்தது. அடுப்பில் கடுகு கருகும் வாசனை வந்தது. அவள் அவசரமாகக் கீரையை எடுத்துச் சட்டியில் கொட்டினாள்.